கை வைக்கக் கூடாத வீடு

கைத்தொழில் தெரிந்தவனுக்குச் சும்மா இருப்பதைவிடக் கஷ்டம் வேறில்லை. அமெரிக்காவின் டொலிடோ நகரில் நாற்பது வருடம், வீட்டைச் சூடாக்கும் கேஸ் ஹீட்டர்களை ரிப்பேர் செய்தவன் நான். இருந்தும் வாடகைக்கு விட்டிருந்த அந்த வீட்டில் ஒரு குழாயைக்கூடத் தொட்டதில்லை, ஐயா.

காரணம், வீடு என்னுடையதல்ல. என் ஓய்வுக்காலச் சேமிப்புக் கணக்குதான் அதை வாங்கியது. கடனும் கணக்கின் பெயரில்தான். தவணை தவறினால் வங்கி வீட்டை எடுத்துக்கொள்ளும், என் சட்டைப்பையைத் தொடாது. கணக்கில் பணம் இருக்கும்வரை வரியும் கிடையாது. பதிலுக்கு அரசாங்கம் ஒன்று சொல்கிறது: பழுது பார்க்க வெளியாள் வர வேண்டும், கூலி கணக்கிலிருந்து போக வேண்டும். நானே ஸ்பேனரை எடுத்தாலோ, கைக்காசைப் போட்டாலோ, மொத்தச் சேமிப்புக்கும் அந்த வருடமே வரி. சட்டத்துக்குப் பயந்தவன் நான்.

குடியிருந்த லோர்னா பள்ளிப் பேருந்து ஓட்டுபவள். கலகலப்பானவள், எனக்கு அவளைப் பிடிக்கும். ஜனவரிக் குளிரில் போன் செய்தாள்.

"வெர்னான், தலை விண்ணுவிண்ணுன்னு வலிக்குது. ஹீட்டர்ல தீ மஞ்சளா எரியுது. ஒரு எட்டு வந்து பாத்துட்டுப் போங்களேன்."

"நான் கை வைக்கக் கூடாதும்மா. சட்டம்."

"நல்ல சட்டம் போங்க! சமையக்காரன் வீட்ல பட்டினியா?" என்று சிரித்தாள்.

மஞ்சள் தீ என்றால் நச்சுவாயு. எனக்கா தெரியாது? ஆனால் கணக்கில் அடுத்த தவணைக்கு மட்டுமே பணம் இருந்தது. மெக்கானிக்கை அனுப்பினால் அது கரையும். வெளியேறச் சொல்வதை எந்தச் சட்டமும் தடுக்கவில்லை, ஒப்புக்கொள்கிறேன். சொல்லியிருந்தால் வாடகை நின்றிருக்கும், வீடு வங்கிக்குப் போயிருக்கும். வயதான காலத்தில் எனக்கு வேறென்ன இருக்கிறது?

சாயங்காலம் மறுபடி கூப்பிட்டாள். பின்னால் நச்சுவாயு அலாரம் வீறிட்டுக்கொண்டிருந்தது.

"இது வேற நிறுத்தாம கத்துது. என்ன செய்ய?"

"பழசும்மா அது, சும்மா கத்தும். பேட்டரியைக் கழட்டிட்டு நிம்மதியாத் தூங்குங்க" என்றேன்.

நன்றி சொல்லிவிட்டுத்தான் போனை வைத்தாள். காலையில் அவளை முகத்தை மூடித் தூக்கிக்கொண்டு போனார்கள். எனக்கு நெஞ்சு பதைத்தது, பொய் சொல்லவில்லை. உடனே வரி வக்கீலுக்குப் போன் போட்டேன். யோசனை சொல்வது கை வைத்ததாக ஆகாதாம். சேமிப்புக்கு ஒரு பங்கமும் இல்லையாம். அதற்குப் பிறகுதான் எனக்கு மூச்சே வந்தது.