வலது கால்

— நெத்தியைச் சுருக்காதீங்க டிரைவர் சார். நீங்க சுருக்கினா ஸ்கிரீன்ல கோடெல்லாம் ஆடுது.

— தலையில நாலு வயர், கழுத்துல ஒண்ணு, இடுப்புல ஒண்ணு, முழங்காலுக்குப் பின்னாடி ஒண்ணு. கல்யாணத்துக்குக்கூட என்னை இவ்வளவு ஜோடிச்சதில்ல சிஸ்டர்.

— ஏங்க, அந்தப் பொண்ணு சொல்றபடி பேசாம படுங்க.

— பாத்தீங்களா? வெளியே உக்காருன்னா கேக்காம உள்ள வந்து உக்காந்திருக்கா வீட்டுக்காரி. பஸ்ஸுல ரெண்டு கண்டக்டர் ஏத்தின மாதிரி இருக்கு.

— அக்கா இருக்கட்டும் சார். ஊசி கிடையாது, கத்தி கிடையாது. கணுக்கால்ல லேசா கரண்ட் குடுப்பேன். அது தண்டுவடம் வழியா ஏறி மூளைக்குப் போக எவ்வளவு நேரம் ஆகுதுன்னு மெஷின் அளக்கும். அவ்வளவுதான்.

— எனக்கு இருக்கறது பிரஷர். அதுக்கு எதுக்கு முதுகைப் போய் நோண்டறீங்க?

— பத்து வருஷமா பிரஷரைக் கண்டுக்காம விட்டிருக்கீங்க. தண்டுவடத்துக்கும் சின்னச் சின்ன ரத்தக்குழாய் போகுது இல்ல? அங்க ஏதாவது ஆகியிருக்கான்னு பாக்கத்தான் உங்க டிப்போ டாக்டர் எழுதியிருக்கார். மாத்திரை ஒழுங்கா போடறீங்களா?

— தலை கிர்ருன்னு வந்தா போடுவேன்.

— அப்பவும் போடமாட்டார்மா. டப்பாவை வண்டியில விட்டுட்டேன்னு மாசத்துல மூணு தடவை சொல்வார்.

— சரி, விடு. சிஸ்டர், ரிப்போர்ட்டை மட்டும் நல்லபடியா குடுத்துடுங்க. திங்கக்கிழமை நான் வண்டி எடுக்கணும். இல்லேன்னா டிப்போ மூலையில உக்காத்தி வச்சு டயர் எண்ணச் சொல்லிடுவானுங்க. இருபத்திரெண்டு வருஷம் ஸ்டியரிங் புடிச்சவன் நான்.

— ரிப்போர்ட் என் கையில இல்ல சார். முதல்ல இடது கால். சுருக்குன்னு பட்டதும் 'தெரியுது'ன்னு சொல்லுங்க.

— ம்... இல்ல... ம், தெரியுது. அடேயப்பா, நல்லாவே தெரியுது.

— சரி. இதே அளவுல ஐந்நூறு தடவை ஓடும். கண்ணை மூடிக்கங்க.

— டிக், டிக், டிக். ஓடாத கடிகாரத்துக்குச் சாவி குடுத்த மாதிரி இருக்கு.

— பேசாதீங்கன்னு அந்தப் பொண்ணு சொல்லுதில்ல?

— ...முடிஞ்சது. இடது கால்ல பெருசா கோளாறு ஒண்ணும் தெரியல. இப்ப வலது கால். அதே மாதிரி சொல்லுங்க.

— தெரியுது.

— இருங்க சார்.

— தெரியுது. இதோ, இப்பவும் தெரியுது. இடது மாதிரியேதான் இருக்கு. எழுதிக்கங்க.

— டிரைவர் சார், நான் இன்னும் கரண்டே குடுக்கல. மெஷின் சத்தம் மட்டும்தான் போடுது.

— அப்படியா?

— காதால கேட்டுச் சொல்லிட்டிருக்கீங்க.

— இஞ்சின் சத்தத்தைக் கேட்டே கியர் மாத்தறவன் சிஸ்டர். பழக்கதோஷம்.

— பரவால்ல. சத்தத்தை நிறுத்திட்டேன். இப்ப கரண்டைக் கொஞ்சங்கொஞ்சமா கூட்டறேன். பட்டா மட்டும் சொல்லுங்க.

— குடுங்க.

— குடுத்துட்டுதான் இருக்கேன்.

— அப்ப இன்னும் கூட்டுங்க. பயப்படாதீங்க, நான் தாங்குவேன்.

— ஏங்க, இதுக்கு மேல எதுக்கு? விரல் அந்தத் துடி துடிக்குதே.

— எந்த விரல்?

— உங்க கால் கட்டைவிரல்ங்க. வலது கால். தெரியலையா உங்களுக்கு?

— அக்கா, கொஞ்ச நேரம் பேசாதீங்க. இதுவும் ஐந்நூறு ஓடட்டும்.

— ஓடிடுச்சாம்மா? என்ன காட்டுது?

— டாக்டர்தான்கா சொல்லணும்.

— நீயும் கண்ணால பாக்கறே இல்ல? சொல்லு.

— கரண்ட் முழங்காலுக்கு வருது. இடுப்புக்கும் வருது. அங்கேர்ந்து மேல ஏறவேண்டியது ரொம்ப லேட்டா, இருக்கா இல்லையாங்கற மாதிரி வருது. சார், எவ்வளவு நாளா இந்தக் கால் மரத்துப்போயிருக்கு?

— இப்பதான். ஒரு மாசம் இருக்கும்.

— பொய் சொல்லாதீங்க. ஒரு நாள் ஒத்தைச் செருப்போட வீட்டுக்குள்ள வந்தீங்களே. வலது கால்ல செருப்பு நழுவிப்போனதுகூடத் தெரியாம தெருமுனையிலேர்ந்து நடந்து வந்தீங்க. இன்னொண்ணை யாருக்கு தானம் பண்ணீங்க மாமான்னு என் தம்பி கேட்டான். எல்லாரும் சிரிச்சோம்.

— அவன் பேச்சை இங்க எதுக்கு எடுக்கறே?

— அவன் நம்ம வீட்டுக்கு வந்து போயிட்டிருந்த நாள் அது. அப்படின்னா ஆக்சிடென்ட்டுக்கு முன்னாடி.

— எந்த ஆக்சிடென்ட் அக்கா?

— அது என்கொயரியில தீர்ந்துபோன விஷயம் சிஸ்டர். பிரேக் புடிக்கல. வண்டி ஸ்டாப்பிங் மேல ஏறிடுச்சு.

— பஸ்ஸுக்குக் காத்துக்கிட்டு நின்ன பொம்பளை ஒருத்தி அங்கேயே போயிட்டாம்மா. அன்னிக்குக் காலையில அந்த பிரேக்கைப் பாத்துக் கையெழுத்துப் போட்டது என் தம்பி. டிப்போ மெக்கானிக். மிதிச்சேன், புடிக்கலன்னு இவர் எழுதிக் குடுத்தார். அவனுக்கு வேலை போச்சு, கேஸும் அவன் மேலதான். மூணு தடவை பாத்தேன்க்கா, நல்லாத்தான் இருந்துச்சுன்னு வாசல்ல நின்னு அழுதான். ஒரு உசுரை வாங்கிட்டு என் வாசல்ல நிக்காதேடான்னு கதவைச் சாத்தினவ நான்தான். வருஷம் ஒண்ணாகப் போகுது, அவன் குரலைக் கேட்டு.

— நான் மிதிச்சேன்டி.

— மிதிச்சது உங்க காலுக்குத் தெரிஞ்சதா?

— சார், பிரஷர் ஏறிடும். மூச்சை மெதுவா விடுங்க.

— நீ இரும்மா. அவர் பதில் சொல்லட்டும்.

— மிதிச்சேன்னுதான் நெனச்சேன். அப்ப அப்படித்தான் நெனச்சேன், நம்பு.

— அப்புறம்?

— அப்புறம் எத்தனையோ தடவை நம்ம வீட்டுச் செவத்துல காலை வச்சு மிதிச்சுப் பாத்தேன். எது செவுரு, எது காத்துன்னு தெரியல. இந்த டெஸ்ட் நல்லா வந்துட்டா என் மேல தப்பில்லன்னு ஆயிடும்னு பாத்தேன்.

— அவன் மேல தப்பில்லன்னு ஒரு நாளாவது தோணுச்சா?

— தோணுச்சு. வாயைத் திறக்கத் தைரியம் வரல.

— அக்கா, எங்க எழுந்திரிக்கறீங்க? மெஷின் பக்கத்துல போன் வேண்டாம். கோடு கெட்டுப்போயிடும்.

— நீ வயரைக் கழட்டிக்கோம்மா. இதுக்கு மேல இவர் கால்ல பாக்கறதுக்கு ஒண்ணும் இல்ல.

— யாருக்குடி போன் பண்றே? டிப்போவுக்கா? திங்கக்கிழமை நானே போய்ச் சொல்லிடறேன், இந்தா, கேளு...

— தம்பி, வச்சிடாதே. அக்காடா. உன் பிரேக் நல்லாத்தான் இருந்திருக்கு.