எரிச்சவங்க தெருவைப் பார்த்த வாசல்

வடக்குத்து பஸ்ஸில் என் முன்சீட்டில் ரெண்டு பொம்பளைங்க. மைன்ஸில் காண்ட்ராக்ட் வேலை முடிஞ்சு வர்றாங்க. மூத்தவ சொன்னா: "எரிச்சவங்க தெருவப் பாத்துத்தான்டி வாசல் வெச்சேன்."

கலவரத்தில் கொளுத்தின வூட்டுக்குப் பதிலா கவர்மெண்ட் கட்டிக் கொடுத்த வூடாம்.

"வேற ஊர்ல குடுக்கறேன்னாங்களே, போயிருக்கலாமில்லக்கா?"

"நான் ஏன்டி போவணும்? எரிஞ்ச எடத்துலயே கட்டுன்னு வருஷக்கணக்கா ஆபீஸ் வாசல்ல குந்திகினு இருந்தேன்."

"அந்தத் தெருவுலேர்ந்து யாராச்சும் எட்டிப் பாத்தாங்களா?"

"எனக்குக் கொட்டாங்குச்சியில தண்ணி ஊத்துன அம்மாவே வந்துச்சு. வெயில் தாங்கல, தண்ணி குடுன்னுச்சு. சொம்புல குடுத்தேன். வாய் வெச்சுக் குடிச்சுது."

"அப்பறம்?"

"அப்பறம் என்ன, சொம்ப நல்லா வெளக்கிட்டுத்தான் உள்ள எடுத்தேன்!"

டிக்கெட் கிழிச்ச கண்டக்டரே சிரிச்சுட்டாரு.