எழுபது மில்லி மழை

– நல்லாப் பாத்துச் சொல்லுங்க வன்னியபெருமாள் அண்ணாச்சி. வறட்சிப் பட்டியல்ல நம்ம ஊரு பேரு எங்கனயாவது கெடக்கும்.

– மூணு தடவ பாத்துட்டேன் முத்துசெல்வி. இல்ல, கேட்டியா. உங்க ஊரு, சேர்மன் ஊரு ரெண்டுக்கும் தலையாரின்னு பேருதான், என் கையில என்ன இருக்கு? தாசில்தார் ஐயா உள்ள கையெழுத்துப் போட்டுக்கிட்டு இருக்காவ. அஞ்சு மணிக்குக் கலெக்டர் ஆபீசுக்குப் போயிரும்.

– மணி நாலே முக்கா ஆவுதே! என்னத்த அண்ணாச்சி இது? மக்காச்சோளம் முழங்கால் உயரத்துலேயே கருகிட்டு. கரிசல் வெடிச்ச வெடிப்புல மாட்டுக்காலு போயி மாட்டிக்கிடுது. பட்டியல்ல பேரு இல்லன்னா நிவாரணமும் கெடையாது, தீவனமும் கெடையாது. இருக்கற ரெண்டு மாட்டையும் சந்தைக்கு ஓட்டணும்.

– மெசின் அப்படிச் சொல்லலியே. உங்க பள்ளிக்கூடத்து வளவுல மழை அளக்க ஒண்ணு நட்டு வச்சிருக்காவல்லா? அது ஐப்பசி மூணாந்தேதி எழுபது மில்லி மழைன்னு நேரா சென்னைக்கு அனுப்பிட்டு, கேட்டியா.

– எழுபதா? ஒரு பொட்டுத் தூத்தல் விழல! ஐயா வந்து காட்டப் பாக்கட்டும்.

– நான் சொல்லாமலா இருந்தேன்? 'கண்ணால பாத்தது கணக்குல வராதுய்யா, மெசின்ல பதிஞ்சதுதான் மழை'ன்னுட்டாவ. இந்த ஒன்றியத்துக்கு இருபது ஊருதான்னு மேல இருந்து சொல்லியாச்சு. உங்க ஊரு போன எடத்துல சேர்மன் ஊரு வந்துட்டு.

– அங்கன அதே வாரம் ரெண்டு நாளு ஊத்து ஊத்துன்னு ஊத்துச்சே! கம்மாயில தண்ணி கெடக்கே!

– அந்த ஊரு மெசின்ல ஒரு சொட்டும் பதியல. அத விடு.

– என்னத்த விட? இருங்க... ஐப்பசி மூணுன்னா செவ்வாக்கெழமயா?

– ஆமா. ஏன் கேக்க?

– அன்னைக்குத்தான் அண்ணாச்சி மழைக்கஞ்சி எடுத்தோம். இருபத்தொரு பொம்பளைக வீடு வீடாக் கஞ்சி வாங்கி, ஒப்பாரி வச்சு, அம்மன் தலையில தண்ணி ஊத்துனோம். பொறவு...

– பொறவு?

– அந்த மெசினுக்கும் குங்குமம் வச்சு, ஆளுக்கு ஒரு செம்பு மஞ்சத்தண்ணி ஊத்துனோம். வானத்துச் சேதிய அதுதான் சென்னைக்குச் சொல்லுதாம்லா? அதுகிட்டயும் ஒரு வார்த்தை வேண்டிக்கிடுவோம்னுதான்.

– அட கூறுகெட்ட கூட்டமே! எவன் சொன்னான் உங்களுக்கு?

– சேர்மன்தான். அவருதான் டேங்கர்ல தண்ணி அனுப்பிவிட்டாரு. 'அதையும் குளிப்பாட்டுங்க தாயி, அதுவும் மழைச்சாமிதான்'னாரு. எம்புட்டு நல்ல மனுசன்னு அவருக்கும் சேத்துக் குலவ போட்டோம் அண்ணாச்சி!

– மெதுவாப் பேசு. அவரு ஆளு அந்தா வேப்பமரத்தடியில நிக்கான்.

– நான் உள்ள போயி நடந்ததச் சொல்லிருதேன்.

– சொல்லிக் கிழிச்ச. சர்க்காரு மெசினக் கெடுத்தாவன்னு இருபத்தொரு பேரு மேலயும் கேஸ் விழும், கேட்டியா. சேர்மன் 'நான் அப்படிச் சொல்லவே இல்ல'ம்பாரு. பேசாம வீட்டுக்குப் போ. நல்லதுக்குத்தான் சொல்லுதேன்.

– வீட்டுக்குப் போயி என்னத்த? ஊருல யாரு மூஞ்சில முழிக்க? மொதச் செம்பு ஊத்துனது நான். இருபத்தொரு பேரு எதுக்கு? நான் ஒருத்தியே ஊத்தினேன்னு எழுதிக் குடுக்கேன். நம்ம ஊரு பேரு ஏறுனாப் போதும்.

– உனக்குப் பயமா இல்லையா?

– பயமாத்தான் இருக்கு அண்ணாச்சி. ஆனா இன்னும் பத்து நிமிசந்தான் இருக்கு. வழிய விடுங்க.

– நில்லு, ஒத்தையில போவாத. நானும் வாரேன்.

– நீங்க வந்து என்னத்தச் சொல்லப் போறீய?

– சேர்மன் ஊருல மழை பேஞ்ச அந்த ரெண்டு நாளும், அவரு சொல்லி மெசின் மேல வாளியக் கவுத்து வச்சது நான்தான்னு.