மூக்கைக் கட்டிய குற்றம்

விருதுநகரிலிருந்து சிவகாசி போகும் பஸ். எனக்கு முன் சீட்டில் பித்தளைப் பட்டறை ஆள் ஒருவர், சட்டையெல்லாம் பித்தளைத் தூசி. அவர் பக்கத்தில் ஊர் ஊராகப் போய்ப் பாத்திரத்துக்கு ஈயம் பூசுகிறவர்.

“மூக்கைக் கட்டினதுக்கு முதலாளி என்னை வெளிய போகச் சொல்லிட்டாரு அண்ணாச்சி.”

“என்னலே சொல்ற?”

“பாலிஷ் சக்கரத்துல தூசி தாங்கல. துண்டை மூக்குல கட்டிக்கிட்டு நின்னேன். அந்நேரம் பாத்து வந்தாரு. ‘என்னையக் கண்டு மூக்கைப் பொத்துறியா, நான் நாறுறேனாலே?’ன்னு கத்துறாரு.”

ஈயம் பூசுகிறவர் சிரித்தார்.

“எனக்கு முதலாளியே கிடையாது. ஈயம் பூசையில கிளம்புற நவச்சாரப் புகைக்கு நான் மூக்கைக் கட்டினா, ‘எங்க வீட்டுச் சட்டி அம்புட்டு நாறுதா?’ன்னு பொம்பளைக திருப்பித் தூக்கிட்டுப் போயிருவாக. அதனால நானும் கட்டுறதில்ல.”

பட்டறை ஆளுக்கு இருமல் வந்தது. ஆமத்தூர் தாண்டியும் நிற்கவில்லை.

“இப்ப எங்கன போற?”

“சிவகாசியில முதலாளி வீட்டுக்கு. மன்னிப்புக் கேக்கணும். பிள்ளைக மூணு இருக்குல்ல.”

“என்னன்னு கேப்ப?”

“‘இனிமே மூக்கைக் கட்ட மாட்டேன், உங்க முன்னால இருமவும் மாட்டேன்’னு சொல்லுவேன்.”

அதைச் சொல்லி முடிப்பதற்குள் அவருக்கு மூன்று தடவை மூச்சு வாங்கியது.