புழுவின் பங்கு

ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் போகும் பஸ்ஸில், என் முன் சீட்டுக்காரர் பக்கத்திலிருந்தவரிடம் சொன்னார்:

“புழுவுக்குக் கொஞ்சம் விட்டிருக்கணும் மாப்ள.”

“ஏன் மாமா, இலை போட்டுப் பரிமாறியிருக்கலாமே.”

“சிரிக்காத. புழுவைக் கொல்ற பி.டி. பருத்தி விதையோட, சாதா விதை ஒரு சின்னப் பாக்கெட் குடுத்தாகள்ல. அதைப் புஞ்சையைச் சுத்தி ஓரத்துல போடணும்னு சட்டம். புழு அதைத் தின்னுக்கிட்டிருந்தா பி.டி. செடியோட விஷத்துக்குப் பழகாதாம். நான் வருசா வருசம் வெதைக்காமத் தூக்கித் தூரப் போட்டேன்.”

“ஊரே தூரத்தானே போட்டுச்சு.”

“இப்பக் காயை உடைச்சா உள்ள புழு. நாளைக்கு அம்புட்டுச் செடியையும் புடுங்கப் போறேன்.”



“இனிமே அந்தப் பாக்கெட்டை ஒழுங்காப் போடுங்க மாமா.”

“தனிப் பாக்கெட்டு இப்ப ஏது? ரெண்டையும் கலந்தே விக்காக. நம்ம கையில குடுத்தா போடமாட்டோம்னு தெரிஞ்சுபோச்சு.”