மாடித் திருப்பத்தில் ஒரு பீரோ

மாப்பிள்ளை: வை... வை மச்சான், வச்சிடு!

மச்சான்: ஏய், கண்ணாடி, கண்ணாடி! திருப்பத்துல வை... மெதுவா... ம், வச்சாச்சு.

மாப்பிள்ளை: அப்பாடா...

மச்சான்: என்ன மாப்ள, பாதி மாடியிலயே நாக்குத் தள்ளுது? போன மாசம் இதைவிடப் பெரிய பீரோவைப் பாட்டுப் பாடிக்கிட்டே ஏத்தின ஆளு.

மாப்பிள்ளை: உள்ள எதையோ விட்டு வச்சிருக்காங்க மச்சான். காலி பீரோ இந்தக் கனம் கனக்காது.

மச்சான்: அதான் நானும் பார்க்கிறேன்... திற.

மாப்பிள்ளை: ஒண்ணுமில்லையே. ஹேங்கர் ஒண்ணு தொங்குது.

மச்சான்: அவ்வளவுதானா?

மாப்பிள்ளை: அவ்வளவுதான். பின்ன ஏன் இந்தக் கனம்?

மச்சான்: என்னைக் கேட்டா?

மாப்பிள்ளை: நீயும்தான் இன்னிக்குப் படி சொல்லவே இல்ல. கீழ பிடிக்கிறவன் சொன்னாத்தானே பின்பக்கமா ஏர்றவனுக்குப் படி தெரியும்?

மச்சான்: சொன்னேனே.

மாப்பிள்ளை: முதல் படி சொன்ன. அப்புறம் சத்தத்தையே காணோம்.

மச்சான்: பேச்சை மாத்தாத. மூஞ்சி ஏன் வெளுத்துக் கிடக்கு? என் தங்கச்சி சோறு போடுறாளா இல்லையா?

மாப்பிள்ளை: அவ போடுறா... நான்தான் திங்கறதில்ல.

மச்சான்: சண்டையா?

மாப்பிள்ளை: சண்டையெல்லாம் இல்ல... சர்க்கரை.

மச்சான்: சர்க்கரையா? உனக்கா?

மாப்பிள்ளை: ஏன் மச்சான் இப்படி முழிக்கிற?

மச்சான்: சொல்லு, கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன்.

மாப்பிள்ளை: டாக்டர் சோத்தைக் குறைன்னார். நான் அடியோட விட்டுட்டேன். முட்டை, கீரை, காய்னு ஓட்டறேன். இப்ப கால் பஞ்சு மாதிரி இருக்கு. தலைக்குள்ள யாரோ புகை போட்ட மாதிரி... மேஸ்திரி என் பேரைச் சொல்லிக் கூப்பிட்டாக்கூட யாரையோ கூப்பிடுறார்னு நிக்கிறேன்.

மச்சான்: ஆரம்பத்துல அப்படித்தான் அசத்தும். தண்ணி நிறைய குடி. போகப் போக உடம்பு பழகிடும்.

மாப்பிள்ளை: உனக்கு எப்படித் தெரியும்?

மச்சான்: யாரோ சொன்னாங்க... மாத்திரை?

மாப்பிள்ளை: அது பழைய அளவுதான்.

மச்சான்: கெட்டுது போ! சோத்தை மொத்தமா நிறுத்தினதை டாக்டர்கிட்ட சொன்னியா?

மாப்பிள்ளை: இல்ல... எனக்கு ஒண்ணும் புரியல மச்சான். சர்க்கரை ஏறினாலும் அசதியாம், இறங்கினாலும் அசதியாம். இதுல எனக்கு இப்ப எதுன்னு யாரைக் கேக்கறது?

மச்சான்: என் தங்கச்சிக்குத் தெரியுமா?

மாப்பிள்ளை: அவகிட்ட சொன்னா அடுத்த நிமிஷம் உன் காதுக்கு வந்துடும். நீ மேஸ்திரிகிட்ட போய் வேற ஜோடி கேப்ப.

மச்சான்: நானா? கேப்பேனா?

மாப்பிள்ளை: கேக்கணும் மச்சான். என் கை நழுவினா பீரோ உன் நெஞ்சு மேலதானே விழும்... அதை நினைச்சா எனக்குத் தூக்கமே வரல. சொல்லவும் முடியல. இத்தனை வருஷ ஜோடி.

மச்சான்: சரி, சரி... அழுதுடாத. அப்ப டப்பாவுல வர்ற சோறு?

மாப்பிள்ளை: அதைத்தான் தினமும் உன் டப்பாவுல தள்ளினேனே! வயிறு நிறைஞ்சிடுச்சுன்னு சொல்லி. நீயும் தூக்கிக்கிட்டுக் கிடங்குக்குப் பின்னால நிழலுக்குப் போயிடுவ. ஒரு பருக்கை மிஞ்சாது.

மச்சான்: ம்...

மாப்பிள்ளை: உன் பின்னாடியே அந்த நொண்டி நாய் வேற. அதுகூட இப்ப கொழுகொழுன்னு ஆயிடுச்சு. நான்தான் வத்திப் போயிட்டேன்.

மச்சான்: கையைக் காட்டு... நடுங்குதே! வேர்வை வேற சில்லுன்னு இருக்கு. உக்காரு, அப்படியே படியில உக்காரு. இந்தா, வாயில போடு.

மாப்பிள்ளை: மிட்டாயா? சர்க்கரைக்காரனுக்கா? கொல்லப் பாக்கறியா?

மச்சான்: உனக்குச் சர்க்கரை இறங்கிப் போச்சு, இந்த நேரத்துக்கு இதுதான் மருந்து. கடிச்சு முழுங்கு... இன்னொண்ணு போடு. பீரோ எங்கேயும் ஓடிடாது. கீழ இருக்கிற பசங்களைக் கூப்பிட்டுக்கலாம். நேரா டாக்டர்கிட்ட போறோம், மாத்திரை அளவைக் கேக்கறோம்.

மாப்பிள்ளை: ...இப்பக் கொஞ்சம் தெளிஞ்ச மாதிரி இருக்கு.

மச்சான்: இருக்கும்.

மாப்பிள்ளை: ஏன் மச்சான்... நீ பீடிக்காரன். மிட்டாயெல்லாம் வாயில வைக்க மாட்ட. உன் சட்டைப் பையில எதுக்கு இத்தனை மிட்டாய்?

மச்சான்: எனக்கும் அதே டாக்டர்தான் மாப்ள, அவர்தான் வச்சுக்கச் சொன்னார்... அந்த நாய் சும்மாவா கொழுத்துச்சு? உன் சோறு, என் சோறு, ரெண்டையும் அதுதானே தின்னுச்சு.