ஆரஞ்சு மிதக்குமா?

அதான் சார், என்ன பண்ணினாலும் உங்க பொண்ணு வாயத் திறக்க மாட்டேங்குறா! உக்காருங்க... பாத்து, அது மூணாங்கிளாஸ் பெஞ்சு, முட்டி இடிக்கும். ஒரு விடுகதை போடுறேன், சொல்லுங்க. ஒரே மேசை, அஞ்சு வாய். அசையுறது ஒரு வாய்தான். அது என்ன?... யோசிக்காதீங்க, நானே சொல்லிடுறேன். உங்க பொண்ணோட குழு!

பெரிய டீச்சர்தான் சொன்னாங்க. நாலு நாலு பேரா உக்கார வையுங்க, கூச்சப்படுற பிள்ளைகூட தானா பேசும்னு. மேசைய எல்லாம் இழுத்துப் போட்டு என் இடுப்பு போச்சு! மத்த குழுவெல்லாம் சந்தக்கடை சார். இவ மேசையில குண்டூசி விழுந்தா கேக்கும்.

நான் விட்டேனா? நாற்காலியப் போட்டுக்கிட்டு தினமும் அவ பக்கத்துலயே உக்காந்துட்டேன். இன்னிக்குக் குழுவுக்கு ஒரு வாளித் தண்ணி, ஒரு ஆரஞ்சு. மிதக்குமா மூழ்குமான்னு அவங்களே பேசி முடிவு பண்ணணும். "சொல்லு கண்ணு, மிதக்கும்தானே? தோலுக்குள்ள காத்து இருக்குல்ல? அதனாலதானே?" இதுக்கு மேல எப்படி சார் எடுத்துக் குடுக்குறது? தலைய ஆட்டுறா! ...நீங்களும் தலையத்தான் ஆட்டுறீங்க. விதை ஒண்ணு போட்டா சுரை ஒண்ணா முளைக்கும்! ...இருங்க, நான் முடிச்சிடுறேன்.

அடுத்த வாரம் ஒவ்வொருத்தரா எழுந்து நின்னு, கண்டுபிடிச்சத எல்லாருக்கும் சொல்லணும். இவ மட்டும் மரமா நின்னா? மத்ததுங்க சிரிக்கும். எனக்கு மனசு கேக்கல சார்.

நடுவுல எனக்கு ஆபீஸ்ல போன். பேசிட்டு வந்தா... வாசல்லயே நின்னுட்டேன். நாலு தலையும் வாளிக்குள்ள! "தோல உரிச்சுப் போடுடா, இப்ப மூழ்கும் பாரு!" யார் குரல்னே எனக்குத் தெரியல. உங்க பொண்ணு சார்! சட்டையெல்லாம் தண்ணி. பழம் பொதக்குன்னு அடியில போகுது, மேசையே குதிக்குது.

ஓடி வந்து உக்காந்தேன். "என்ன சொன்ன கண்ணு? இன்னொரு தடவ சொல்லு! தோலோட காத்தும் போயிடுச்சு, அதான் மூழ்குச்சு, இல்ல?" ...அவ்வளவுதான். வேதாளம் மறுபடியும் முருங்கமரம் ஏறிடுச்சு.

சரி, கூட இருக்குற பிள்ளைங்களப் பிடிக்கலபோலன்னு நெனச்சேன். "நாளையிலருந்து எந்த மேசை வேணுமோ நீயே பாத்து எடுத்துக்கோ"ன்னேன்.

அவ மேசைய மாத்தல சார். என் நாற்காலியத் தூக்கிட்டுப் போயி கரும்பலகைகிட்ட வச்சுட்டு, திரும்பி வந்து அவ எடத்துலயே உக்காந்துக்கிட்டா.